ஒற்றைப் பல்லுக்கு வைத்த பெயர்

அந்தப் பல்லைக் கண்டெடுத்தவள் நான். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, பாலிங் ஊரைத் தாண்டி ஒரு மணற்பாறைச் சரிவில் குனிந்து கிடந்தேன். சுண்டுவிரல் நீளத்தில் பழுப்பாக எட்டிப்பார்த்தது. ஊன் தின்னும் டைனோசரின் பல். என் பேராசிரியர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "புது இனம்தான். நீ எடுத்தது, நீயே பேர் சொல்லு," என்றார். அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். வீடமைப்புக்காக அந்தத் தோட்டத்தை அழித்து, பெயர்ப்பலகையைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவில் தன் மோட்டார் சைக்கிள் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். பேராசிரியர் எழுதிய கட்டுரை வெளிவந்தபோது, டத்தோ பட்டம் வாங்கிய, அவருக்கு வேண்டப்பட்ட ஒருவரின் பெயர் அந்த விலங்குக்கு இருந்தது. நன்றி சொன்ன இடத்தில்கூட நான் இல்லை. "என்னண்ணே, உங்க தோட்டத்து டைனோசர் ஓடிப்போச்சா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ கேட்டிருக்கிறார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கே கறுவினேன். அது ஆறவில்லை, நான் ஆற விடவும் இல்லை.

வழியை அந்தப் பல்லே காட்டியது. ஒரே வாயில் முன்பல் ஒரு மாதிரி, பின்பல் வேறு மாதிரி. முதலையின் வாயைப் பார்த்தாலே தெரியும். குட்டியின் பல் வேறு, வளர்ந்ததின் பல் வேறு. போதாததற்கு, வெவ்வேறு இனங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே பல்லும் இருக்கும். ஒற்றைப் பல்லை வைத்து எந்தக் குடும்பம் என்று பல நேரம் சொல்லலாம். எந்த இனம் என்று அடித்துச் சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம். வேலை கிடைத்ததும் அருங்காட்சியகங்களில் தாடையோடு இருந்த பற்களாகத் தேடி, ஓரத்து ரம்பக் கூர்கள்வரை அளந்தேன். டத்தோவின் பல்லுக்கு வேறு இனங்களின் தாடைகளில் அண்ணன் தம்பிகள் அகப்பட்டார்கள். ரொம்ப சந்தோஷமாக அதைக் கட்டுரையாக எழுதினேன். ஒரு வரியில்கூடக் கோபத்தைக் காட்டவில்லை. இந்த ஆண்டு அது அச்சில் வந்தது. இனி அந்தப் பெயரை எழுதுகிறவர்கள் பக்கத்தில் 'ஐயத்துக்குரியது' என்றும் சேர்த்தே எழுதுவார்கள்.

பேராசிரியர் போன் செய்தார். "ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லல, சார்."

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார். கேட்க வெல்லம் தின்றது போல் இருந்தது.

பாக்கார் ஆராங்கில் என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் போனேன். "அந்த டத்தோ பேரு இனிமே எடுபடாதுப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம தோட்டத்துப் பேர வெச்சிடலாம்லா?"

அது நடக்காது என்று கட்டுரை எழுதும்போதே எனக்குத் தெரியும். "முடியாதுப்பா. அந்த ஒரு பல்ல வெச்சு யாரும் பேரு வைக்க முடியாதுன்னு நாந்தான் எழுதியிருக்கேன். எனக்கும் அதேதான்."

"அவனக் கவுக்கணும்னு நம்ம பேரயும் சேத்துப் பொதச்சிட்டியேம்மா," என்றார் அப்பா.

புதைத்தேன்தான். அந்த டத்தோவின் பெயர் மேலே நின்று சிரிப்பதைவிட இது மேல் என்றுதான் அப்போதும் தோன்றியது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.