கிரிவலப் பாதையில் ஒரு வாதி

தொண்ணூற்றேழாம் வருஷம், புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டரை மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை வண்டியில் ஏறினோம். கண்டாச்சிபுரம் வழி, அறுபத்து மூன்று கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். ஏறும்போதே எனக்கு அலுப்பு. மூன்று வாரமாக ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு விட்டுப்போயிருந்தது.

என் மனைவி சரோஜாவுக்கு மார்பில் கட்டி. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தால் திங்கட்கிழமை ஆபரேஷன். சரோஜா சம்மதிக்கவில்லை. மலையைச் சுற்றிவந்து அண்ணாமலையாரைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றாள். மலை எப்படிப் பதில் சொல்லும் என்று கேட்டேன். சொல்லும்போது தெரியும் என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் பிடிவாதம் பிடித்தது இதோடு மூன்றாவது தடவை. முந்தைய இரண்டிலும் விட்டுக்கொடுத்தது நான்தான். மலை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக இவள் சொன்னால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே வந்தேன்.

நான் சிவில் கோர்ட் வக்கீல். கடவுள் இல்லை என்று கட்சி கட்டிப் பேசுகிறவன். இருக்கிறது என்று சொல்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும், இல்லை என்கிறவனுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது என்பது என் பழைய பல்லவி. நான் அதை ஆரம்பித்தால் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் மாறி உட்காருகிற நண்பர்கள் எனக்கு உண்டு.

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை, நூற்றைம்பது ரூபாய், காலையில் ஒரு வாளி வெந்நீர் உண்டு. சரோஜா கோயிலுக்குள் போனாள். நான் கோபுரத்துக்கு வெளியே அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகாதவனுக்கு எந்த ஊரிலும் அதுதான் உத்தியோகம்.

சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். சுற்று பதினாலு கிலோமீட்டர். பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருந்ததால் பாதையில் கூட்டமில்லை. அவள் வெறுங்காலோடு, நான் செருப்போடு. அக்னி லிங்கம் தாண்டி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வந்தபோது விடிந்துவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள் டீக்கடை பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். எங்கிருந்தோ வந்து இவர்களுக்குக் கிடைக்கிற நிம்மதி நமக்குக் கிடைக்கவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. எம லிங்கத்தில் சரோஜா வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பியதும் இருபுறமும் மரங்கள். இந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் சுற்றி வருகிறார்களாம், அது அவர்களுக்கு விட்ட இடம். அப்படித்தான் சரோஜாவும் ஓரத்துச் சரளைக்கல்லில் வெறுங்காலை வைத்து வைத்து நடந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடம்பில் இத்தனை பெரிய வியாதியை வைத்துக்கொண்டிருக்கிறவள் கல்லில் நடக்க வேண்டும், இல்லாத ஆட்களுக்கு நல்ல தார் ரோடு காலியாகக் கிடக்க வேண்டுமா? நான் விறுவிறுவென்று குறுக்கே போய் மலைப் பக்கமாக நடந்தேன்.  மூன்று கிலோமீட்டர் அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். எதிரே சைக்கிளில் பால் கேனோடு வந்தவர் என்மேல் மோதப் பார்த்து, பிரேக் போட்டு, ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு நாற்பதுக்கு அடி அண்ணாமலை. சாலையோரத்தில் பானை வைத்து மோர் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கினோம். நாற்பது வயதிருக்கும். தூரத்திலிருந்தே என்னைக் கவனித்திருக்கிறாள். அது சித்தர்கள் நடக்கிற இடம், அம்மா ஒழுங்காகத்தானே வருகிறார்கள், உங்களுக்கு என்ன என்று கேட்டாள். நான் விடுவேனா?

"அங்க யாரையும் காணோமே. இருக்காங்கன்னு சொல்ற நீங்கதான காட்டணும்?"

"நான் ஏன் சார் காட்டணும்? நான் பாட்டுக்கு எடம் விட்டுட்டு இருக்கறேன். எங்க ஊரே விட்டுட்டுதான் இருக்குது. நீங்கதான் காலின்னு சொல்லிக்கினு உள்ள பூந்து நடக்கறீங்க. காலின்னு நீங்க காட்டுங்க."

சொல்லிவிட்டு, உப்பு கம்மியா இருக்குதா என்று சரோஜாவைக் கேட்டாள்.

 நிலத்தில் ஒருவன் தலைமுறையாகச் சுவாதீனத்தில் இருந்தால் அவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். இது உன் இடம் இல்லை என்று வருகிறவன்தான் நிரூபிக்க வேண்டும். இதை வைத்து நானே எத்தனையோ வழக்கு ஜெயித்திருக்கிறேன். இந்த ஊரில் வாதி நான், கையில் ஒரு துண்டுப் பத்திரம்கூட இல்லை. அந்தச் சட்டம் நிலத்துக்குச் சொன்னது, ஆளே உண்டா என்ற கேள்விக்குச் சொன்னதல்ல என்ற பதில் பத்தடி நடந்த பிறகு தோன்றியது. திரும்பிப் போய்ச் சொல்லக் காலில் தெம்பில்லை.

பத்தரை மணிக்குக் குபேர லிங்கம். சரோஜாவால் அதற்கு மேல் முடியவில்லை. இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். பக்கத்தில் உட்கார்ந்து, மலை என்ன சொல்லிற்று என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

"ஒண்ணும் சொல்லலங்க" என்றாள்.

சரி என்று சொல்லிற்று என்பாள், அல்லது வேண்டாம் என்றது என்பாள் என்று இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.  அப்புறம் என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"என்ன செய்ய. வேலூர் போலாம்."

"மலைதான் ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க சொல்றீங்கல்ல. சின்ன ஆபரேஷன், சரியாப் போயிடும்னு மூணு வாரமா சொல்றீங்க. அதுக்கு உங்ககிட்ட என்ன அத்தாட்சி இருக்குது? பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னப்ப நான் ஸ்கிரீனுக்குப் பின்னாடிதான் துணி மாத்திக்கிட்டு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குத் தெரியாது என்று நம்பி மூன்று வாரம் சிரித்துப் பேசியிருக்கிறேன். தெரிந்துகொண்டே அவளும் என்னோடு சிரித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அத்தாட்சி காட்டுங்கன்னு இத்தனை நாளா உங்களை நான் கேட்டனா? வர்றேன்னுதான சொல்றேன்" என்று சொல்லி, எழுந்துகொள்ளக் கையை நீட்டினாள்.

மிச்சத் தூரத்தை நடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஈசானிய லிங்கத்தில் விபூதி வாங்கிக்கொண்டாள். அறையைக் காலி செய்துவிட்டு பன்னிரண்டரைக்கு வேலூர் வண்டியைப் பிடித்தோம். எண்பது கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரம் பிடிக்கும் என்றார் கண்டக்டர்.

போளூர் வருவதற்குள் சரோஜா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பிவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத் தொழிலில் ஒரு வழக்கில்கூடத் தோற்க ஆசைப்பட்டவனில்லை. கடவுள் இல்லை என்ற இந்த ஒன்றில் மட்டும் என் கட்சி தோற்றுப்போனால் போதும் என்று இருந்தது. அதை யாரிடம் கேட்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.