எருப் போடக் கூடாத புகையிலை

நான் தென்மராட்சியில் பிறந்தவள். எங்கள் பக்கம் தென்னையும் நெல்வயலும்தான். கலியாணம் முடித்து இணுவிலுக்கு வந்தபோதுதான் ஒரு புகையிலைத் தோட்டத்துக்குள் கால் வைத்தேன். என் சீதன வீடு சாவகச்சேரியில் பூட்டிக் கிடந்தது. மாமி காலமாகிவிட்டதால் தகப்பனைத் தனியே விட மனமில்லாமல் இவர், என் புருஷன், என்னையும் மாமா வீட்டுக்கு இணுவிலுக்கே கூட்டி வந்துவிட்டார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். ஒரு பொருள் எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. நெல் என்றால் சட்டிக்கு வரும், தேங்காய் என்றால் துருவலையில் ஏறும். இந்தப் புகையிலைக்கு விடியமுன்னமே கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கிறார்கள், இலை இலையாகப் புழு பிடிக்கிறார்கள், புகைக் குடிலில் தொங்கவிட்டுக் கண்ணெரிய எரியக் காவல் இருக்கிறார்கள். அதில் ஒரு நறுக்குக்கூட வீட்டில் தங்குவதில்லை. மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, உந்த இலையெல்லாம் எங்கை போகுது?"

"மலையாளத்துக்கு."

"அங்கை ஆர் தின்னுறது?"

"ஆரோ தின்னுகினம். உனக்கேன் பிள்ளை அது?"

பிறந்த நாள் தொட்டுப் புகையிலைக்குள் நின்ற மனிதர் அவர். அதை வெற்றிலையோடு மெல்லுகிற ஒரு மலையாளத்தானையாவது அவர் கண்டதில்லை, காண வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. எனக்கோ அந்த முகம் தெரியாத வாய்களைப் பற்றியே யோசனை. அவர்களுக்குக் காரம் நன்றாக இருக்க வேண்டுமாம், இலை தடிப்பாகவும் கறுப்பாகவும் இருக்க வேண்டுமாம். எங்கள் ஊர் முழுவதும் காணாத ஒரு கூட்டத்தின் நாக்குக்குப் பயந்து வேலை செய்துகொண்டிருந்தது.

பிறகு அந்த வியாபாரம் படுத்தது. திருவிதாங்கூர் அரசாங்கம் எங்கள் புகையிலைக்குத் தீர்வையைக் கூட்டிவிட்டது என்று இவர் வந்து சொன்னார். தரகர்மார் முன்னைப்போல வேலிப்பக்கம் வரவில்லை; வந்தவர்களும் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, பார்ப்பம் என்று சொல்லிப் போனார்கள். கடலுக்கு அந்தப்பக்கத்து ராசா ஒரு கையெழுத்துப் போட, எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக் கலியாணங்கள் தள்ளிப்போயின. எனக்கு அது கவலையாகவும் இருந்தது, பெரிய புதுமையாகவும் இருந்தது. அந்த ராசாவுக்கு இணுவில் என்று ஓர் ஊர் இருப்பது தெரியுமா என்று இவரைக் கேட்டேன். இவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. இவருடைய தமையனார் தெற்கே காலிப் பட்டினப் பக்கத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். கடையில் ஆள் காணாது, இன்னுமொரு கை வேண்டும், தம்பி வந்தால் நல்லது என்று திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். தோட்டம் கைவிட்டால் ஆம்பிளைகளுக்கு இருந்த வழி அதுதான். தெற்கே போனவர்கள் வருஷத்தில் ஒரு தடவை, கோயில் கொடியேறும்போது, புது வேட்டியும் பிஸ்கட் அடைத்த தகர ரின்னுமாக வருவார்கள். அவர்கள் வேலிப் படலையைத் திறக்க, பெற்ற பிள்ளைகளே யாரோ என்று கதவுக்குப் பின்னால் ஓடி ஒளித்துக்கொள்ளும். நான் அதை எதிர்வீட்டில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு வயிற்றில் மூன்றோ நாலோ மாசம். என் பிள்ளை தகப்பனைக் கண்டு ஒளிக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நேர்த்திக்கடன் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அரசாங்க விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தார். தொப்பி, சப்பாத்து, முழங்கால்வரை இழுத்த மேசு, பையில் ஒரு சின்னப் பொட்டலம் விதை. மலையாளத்தை நம்பியிருந்தது போதும், கொழும்பில் சிகரட் செய்கிறார்கள், அதற்கு இலை வேண்டும், விளைந்தால் வாங்க ஆள் தயார் என்று விளக்கினார். மாதிரிக்கு ஒரு சிகரட்டும் எடுத்து இவரிடம் கொடுத்தார். அவர் தலை மறைந்ததும் நான் அதை வாங்கி, கடுதாசியைப் பிரித்து, உள்ளே இருந்த தூளைச் சுளகில் கொட்டிப் பார்த்தேன். பழுத்த பலாவிலையின் நிறம். மணமும் இல்லை, காரமும் இல்லை. மாமா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

"உது புகையிலையோ? உதுக்குப் பதிலா வைக்கலைப் பத்தலாம்."

"கொழும்பிலை உதுதான் விருப்பமாம் அப்பு" என்றார் இவர்.

"காரம் வேண்டாமெண்டா ஏன் குடிக்கிறாங்கள்?"

எனக்கும் அதே கேள்விதான். மலையாளத்துக்கு உறைக்க வேண்டும், கொழும்புக்கு உறைக்கக் கூடாது. ஒரே செடிதான், வாங்குகிறவர்களைப் பொறுத்து அதன் நல்லதும் கெட்டதும் தலைகீழாகின. அன்றைக்கு முழுவதும் அதையே யோசித்து இரண்டு தரம் சோற்றைக் கரியவிட்டேன்.

உத்தியோகத்தர் அடுத்த முறை வந்தபோது முறைகளைச் சொன்னார். எருவுக்கு ஆட்டுப்பட்டி அடைக்கக் கூடாது. பச்சைக் குழையை மண்ணுக்குள் தாழ்க்கக் கூடாது. புண்ணாக்கு கிட்டவும் கொண்டுவரக் கூடாது. கன்றை நெருக்கி நட்டு, அளவாகத் தண்ணீர் விட்டு, செடியை அரைவயிற்றில் வளர்க்க வேண்டும். அப்போதுதான் இலை மெல்லிசாகவும் வெளிறியும் வருமாம்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "அரைவயித்திலையோ? என்ரை தோட்டத்திலையோ?"

"ஓம் ஐயா. எரு போட்டா இலை எரியாது. சிகரட்டுக்கு உதவாது."

 அன்றிரவு சாப்பாட்டின்போது அப்பனும் மகனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தப் போகம் கொழும்பு இலை. வாங்கினால் இவர் ஊரோடு நிற்பார், வாங்காவிட்டால் காலிக்கு ரயில். நான் அகப்பையைப் பிடித்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்றுகள் சோனியாகத்தான் வந்தன. எங்கள் தோட்டம் கோயிலுக்குப் போகிற ஒழுங்கையோரம். போகிற வருகிறவர்களெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை.

"என்னண்ணை, பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?"

"ஆஸ்பத்திரிக்குக் காட்டினனீங்களோ?"

நான் திருப்பிக் கொடுப்பேன். "கொழும்புக்குப் போற பிள்ளையள். மெல்லிசாத்தான் இருக்க வேணும்" என்பேன். மாமாவால் முடியவில்லை. பிறகு கோயிலுக்கே வேறு ஒழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்கினார். மெலிந்த செடி ஒன்று தன் காணியில் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய மரியாதை முழுவதும் அந்த இலைகளின் தடிப்பில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாவமாக இருந்தது.

பிறகு ஒரு கிழமையில் செடிகள் நிறம் மாறத் தொடங்கின. வெளிறல் போய்ப் பச்சை ஏறியது. இலை அகன்றது. மழை பெய்த ஈரம் என்றார் மாமா. மண் அப்படி, என்ன செய்கிறது என்றார் இவர். எனக்கு வேறொரு தலையிடி. மாட்டுக்கு வாங்கி வைத்த புண்ணாக்குச் சாக்கு இறங்கிக்கொண்டே போனது, மாடோ பாலைக் குறைத்துக்கொண்டே வந்தது. எலியாக்கும் என்று பொறி வைத்தேன். ஒன்றும் விழவில்லை.

இலை வெட்டினோம். இந்த முறை புகை போடாமல், உத்தியோகத்தர் சொன்னபடி நிழலில் கட்டித் தொங்கவிட்டோம். பலாவிலை நிறம் வரும் வரும் என்று நான் விடிந்தால் போய்ப் பார்ப்பேன். கறுத்துக்கொண்டு வந்தது.

கொழும்பிலிருந்து வாங்குகிறவர் வந்த அன்று முற்றம் கூட்டித் தெளித்தேன். கோட்டுப் போட்ட மனிதர். உத்தியோகத்தரோடு இங்கிலீசில்தான் கதைத்தார். ஒரு இலையை எடுத்து விரித்தார், விரல்களுக்கிடையில் உரசினார், நெருப்புக்குச்சி கொளுத்தி ஓரத்தில் பிடித்தார். ஓரம் கருகி நெருப்பு அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. எழுந்த புகையை முகர்ந்தவர் இருமத் தொடங்கி, நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவரும் வரைக்கும் இருமினார். கொழும்பில் சிகரட் குடிக்கிறவர்கள் என்று இவ்வளவு நாளும் நாங்கள் கேள்விப்பட்டவர்களின் நெஞ்சு இவ்வளவுதானா என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது, அடுத்த மூச்சிலேயே அழுகை வந்தது.

உத்தியோகத்தர் தொப்பியைக் கழற்றினார். "இலை வலு திறமாம். ஆனா சிகரட்டுக்கு உதவாதாம்." பிறகு மாமாவைப் பார்த்தார். "ஐயா, என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை."

அன்று பின்னேரம் இவர் றங்குப் பெட்டியைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டிகளை மடித்தேன். பேசினால் அழுதுவிடுவேன். மாமா வாசலில் வந்து நின்றார்.

"உதை வை. நான் போறன் காலிக்கு."

"என்ன அப்பு விசர்க்கதை?"

"ஆட்டெரு போட்டது நான். ஒவ்வொரு விடியக்காலமையும் ஓலைக் கடகத்திலை கொண்டுபோய் அடியிலை தாட்டனான். பசியிலை நிண்டதுகள், பாத்துக்கொண்டு நிக்க ஏலேல்லை. பிழை என்ரை. கடையிலை குந்தியிருந்து இலையின்ரை குணம் பாக்கத்தானே ஆள் வேணும்? அது என்னைவிட ஆருக்குத் தெரியும்?"

ஆனையிறவு தாண்டித் தெற்கே போகாத மனிதர். சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. காலையில் மண்ணில் கால் வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு பிடிக்காது. வேண்டாம் மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நீ கதையாதை பிள்ளை" என்றார். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் வெட்கம். அவருக்காக மனம் நொந்ததும் உண்மைதான்.

கோண்டாவில் ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மாமா பெட்டியோடு ஓலையில் பொதிந்த ஒரு பனங்கட்டிக் குட்டானும் கொண்டுவந்திருந்தார். தூரத்தில் ரயில் கூவியதும் இவர் முகம் ஒருமாதிரியாகப் போனது.

"அப்பு, நானும் புண்ணாக்குத் தண்ணி விட்டனான்."

 எனக்கு எலிப்பொறி நினைவுக்கு வந்தது.

மாமா திரும்பவில்லை. "தெரியும். வாய்க்கால் நாறினது எனக்கு மணக்காதோ?"

"தெரிஞ்சு ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீயும் பிழைகாரன். ரெண்டு பேரும் காலிக்குப் போனா தோட்டம் ஆர் பாக்கிறது?" என்றவர், மேலும் சொன்னார்: "என்ரை எருவோடை நிண்டிருந்தா அது எரிஞ்சிருக்கும். ரெண்டையும் திண்டுதான் கொழுத்தது."

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிய இவர் அழுததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

அடுத்த திருவிழாவுக்கு மாமாவால் வர முடியவில்லை. அதற்கடுத்ததற்கு வந்தார். அதற்குள் நாங்கள் பாதித் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் வைத்திருந்தோம். கந்தோர்க்காரர் இப்போது அதைத்தான் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எருவைப் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை. மகனுக்கு ஒன்றரை வயது. தகப்பனின் தோளைவிட்டு இறங்காத பிள்ளை. புது வேட்டியும் பிஸ்கட் ரின்னுமாக மாமா படலையைத் திறந்ததும், அவன் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளித்துக்கொண்டான்.

நான் அவனை இழுத்துக்கொண்டு வரப் போனேன். மாமா கையைக் காட்டித் தடுத்தார்.  பிறகு ரின்னைப் படியில் வைத்துவிட்டு, சால்வையைக்கூடக் கழற்றாமல் நேரே தோட்டத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். வெங்காயப் பாத்தியில் குந்தி, விரலால் மண்ணைக் கிண்டி, மூக்கருகே கொண்டுபோனார்.

"எரு காணாது, பிள்ளை."

"கடகம் மாட்டுக் கொட்டிலுக்குள்ளை கிடக்குது மாமா" என்றேன்.