அப்பா பெயர் தெரிந்தவர்

நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிள்ளைகளைப் படம் எடுத்தால் முகம் இருக்காது. பாரிஸிலிருந்து புறநகர் ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு கொலேஜ் அது. நம்மூர்க் கணக்கில் ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை. நான் அங்கே கணக்கு டீச்சர். சேர்ந்த புதிதில் பிள்ளைகளை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தோம். மறுநாள் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஆசையாகப் படங்களைத் திறந்தால் எல்லாம் முதுகு. தப்பித்தவறி ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்திருந்தால் அதன் முகத்தின்மேல் மஞ்சளாக ஒரு சிரிக்கும் உருண்டையை ஒட்டியிருந்தார்கள். படங்களைப் போட்டவள் சோஃபி, என்னோடு வேலை பார்க்கும் வரலாற்று ஆசிரியை. பெற்றவர்கள் சண்டைக்கு வர மாட்டார்களா என்று அவளிடம் கேட்டேன். அதற்காகத்தானே ஒட்டுகிறோம் என்றாள். நான் கேட்டது, பிள்ளையின் முகத்தைக் காணோமே என்று வர மாட்டார்களா என்பதை. அவள் சொன்னது, முகம் தெரிந்துவிட்டதே என்று வருவதைப் பற்றி. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு அவரவர் வகுப்புக்குப் போனோம். அன்றைக்கு வேறு வேறு விஷயம் பேசியிருக்கிறோம் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் காரைக்காலை அடுத்த நெடுங்காடு. கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் வீட்டாருக்குத் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. காரைக்கால்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இங்கே வந்து மொழி படித்து, பரீட்சை எழுதி, டீச்சரும் ஆகிவிட்டேன். வகுப்பாசிரியை என்பதால் வருடத்துக்கு ஒருமுறை சமூக ஊடகம் பற்றிப் பிள்ளைகளோடு பேசுவதும் என் தலையில் விழும். ஒரு படத்தைப் போடுவதற்கு முன்னால், அதை யார் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறாயோ அந்த ஆளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள், அவருக்கும் சேர்த்துத்தான் போடுகிறாய் என்று சொல்வேன். பிள்ளைகள் சமர்த்தாக எழுதிக்கொள்வார்கள். பள்ளிக் கேட்டைத் தாண்டியதும் போனை எடுப்பார்கள். உள்ளுக்குள் எனக்கும் இந்த ஊர்க்காரர்கள் சுத்தப் பயந்தாங்கொள்ளிகள் என்றுதான் இருந்தது. ஒரு குழந்தையின் சிரித்த முகத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். இப்போது அவர்களைவிட நான்தான் அதிகம் பயப்படுகிறேன்.

போன ஆவணியில் என் தம்பி செந்தில் தன் மகள் யாழினிக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தான். யாழினி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று நானும் போயிருந்தேன். நெடுங்காடு கடைத்தெருவில் காரை விட்டு இறங்கியதும் முதலில் என்னை வரவேற்றது அவள்தான், ஃப்ளெக்ஸில். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, ஆளைவிட உயரமாக நின்றாள். கீழே அவள் பெயர், அப்பா அம்மா பெயர், படிக்கும் பள்ளி, வகுப்பு. அதற்கும் கீழே கூலிங்கிளாஸ் போட்ட மாமன்மார் வரிசையாக வட்டத்துக்குள் இருந்தார்கள். ஒரு மூலையில் நானும் இருந்தேன், பெயருக்குப் பக்கத்தில் பிரான்ஸ் என்று போட்டு. தாய்மாமன் சீர் கொண்டுவந்ததை ஸ்டூடியோக்காரர்கள் பாட்டுப் போட்டு ரீல்ஸாக வெளியிட்டார்கள். விழா முடிந்ததும் திருஷ்டி கழித்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். அதையும் ஒருவர் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். பிள்ளைமேல் யார் கண்ணும் படக் கூடாது என்று நாங்கள் பட்ட கவலையை ஊரே பார்த்து லைக் போட்டது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் செந்திலைத் தனியாக அழைத்துப் பேசினேன்.

"பொண்ணு பேரு, படிக்கிற ஸ்கூலு, எல்லாத்தையும் போட்டு எதுக்குடா ஊருக்கெல்லாம் அனுப்பிக்கிட்டிருக்க?"

"ஊருக்கு எங்க அனுப்புறேன்? நம்ம சனத்துக்குத்தானக்கா. நீ அங்க உக்காந்து பாக்கணும்னுதானே இத்தன வருசமா எல்லாத்தயும் போட்டுக்கிட்டிருந்தேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. யாழினி பிறந்ததை, தவழ்ந்ததை, பல் விழுந்து சிரித்ததை, முதல் நாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுததை எல்லாம் நான் அந்த ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். எங்கள் அப்பாவின் காரியத்தைக்கூட அதில்தான் பார்த்தேன். படம் வராத வாரத்தில் என்னடா ஒன்றையும் காணோம் என்று நானே கேட்டு எழுதுவேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர் என்பது முக்கால்வாசி அந்தக் கண்ணாடித் திரைக்குள்தான் இருக்கிறது. சோஃபிக்கு இது புரியாது. அவளுடைய அம்மா இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறார்.

நான் திரும்பி வந்து பள்ளி திறந்த சில நாட்களில் செந்திலின் மனைவி தமிழரசி போன் செய்தாள். குரலே சரியில்லை. யாரோ அந்த விழாப் படத்தை எடுத்து, யாழினி பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். அவளோடு படிக்கும் பெண்களுக்கு நட்பு கேட்டு அழைப்புப் போகிறது, போன் நம்பர் கேட்டுச் செய்தி போகிறது. ஒன்றும் செய்யாதீர்கள், பதில் எழுதாதீர்கள், திரையை மட்டும் படம் பிடித்து வைத்துக்கொண்டு ரிப்போர்ட் செய்யுங்கள், போலீஸில் சைபர் புகார் கொடுங்கள் என்றேன். அதற்குள் செந்தில் அந்தக் கணக்கின் முகவரியைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, எவனோ நம்ம பிள்ளை பெயரில் விளையாடுகிறான், எல்லாரும் போய்க் கேளுங்கள் என்று எழுதிவிட்டான். எல்லாரும் போய்க் கேட்டார்கள். வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடி அந்தக் கமெண்டுகளைப் படித்தேன். டேய் யாருடா நீ, இது நெடுங்காடு செந்தில் மகள் என்று ஒருவர். ராமலிங்கம் பேத்திடா, எங்க பெரியப்பா வீட்டுப் பிள்ளை என்று இன்னொருவர். ஒருவர் தெருவையும், கோயிலிலிருந்து எத்தனையாவது வீடு என்பதையும் எழுதியிருந்தார், தைரியம் இருந்தால் நேரில் வா என்பதற்காக. இந்தப் பிள்ளை தினம் சாயங்காலம் எங்களோடுதான் பஸ்ஸில் வருகிறது, கிட்ட வந்து பார் என்று ஓர் உறவுக்காரப் பையன் மார்தட்டியிருந்தான். அந்தக் கணக்கை நடத்தியவனுக்கு அதுவரை ஃப்ளெக்ஸில் இருந்த படமும் பெயர்களும் பள்ளியும்தான் தெரியும். மீதி எல்லாவற்றையும் நாங்களே, அத்தனை பாசத்தோடு, வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தோம். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவரை இன்னார் என்று நிறுவ நம் பக்கத்தில் வேறு வழி தெரியாது. யாரு வீட்டுப் பிள்ளை என்பதுதான் முதல் கேள்வி. அப்பா பெயரைச் சொன்னால் பாதி தெரிந்த ஆள், தாத்தா பெயரையும் சொன்னால் முழுதும் தெரிந்த ஆள். யாழினி வயதில் நான் காரைக்காலில் ட்யூஷன் முடித்து, மழையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றிருக்கிறேன். சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, யாரு வீட்டுப் புள்ள நீ என்று கேட்டார். நெடுங்காடு ராமலிங்கம் மகள் என்றேன். அட, ராமலிங்கம் மவளா, ஏறு என்றார். நான் மறுபேச்சுப் பேசாமல் பின்னால் ஏறிக்கொண்டேன். வாய்க்கால் ஓரமாகவே மிதித்துவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அம்மா காபி கொடுத்தாள், அப்பா தெருமுனை வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தார். திரும்பி வந்த அப்பா அம்மாவிடம், யாரு அவரு, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அம்மாவுக்கும் தெரியவில்லை. வெகுகாலம் எங்கள் வீட்டில் இது ஒரு வேடிக்கைக் கதையாக இருந்தது. நானே இதைச் சொல்லி எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வியர்க்கிறது.

அடுத்த வாரமே அது நடந்தது. பள்ளி விட்டு யாழினி பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, செந்தில் பொண்ணுதானே, நான் அந்தப் பக்கம்தான் போறேன், வீட்ல விட்டுடறேன் வா என்றிருக்கிறார். அவளும் புத்தகப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போய்விட்டாள். அந்த நேரத்தில் பஸ் வந்து நின்றது. கூடப் படிக்கும் பெண் கையைப் பிடித்து இழுக்க, இவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். அன்றைக்கு அவளிடம் நான் போனில் கேட்டேன்.

"யாருன்னே தெரியாம ஏன்டா கிட்ட போன?"

"அப்பா பேரு சொன்னாரு அத்தை. நம்ம தெருவும் தெரிஞ்சிருந்துச்சு. அப்பறம் எப்படி நான் வரலன்னு சொல்றது?"

அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. செந்தில் எல்லாரையும் விசாரித்துப் பார்த்துவிட்டான். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். என்னை ஏற்றிக்கொண்டு வந்தவரைப் போல, பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பிள்ளையை வீடு சேர்க்க நினைத்த யாரோ ஒரு பெரியப்பாவாக இருந்திருக்கலாம். அப்படி இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய பயம். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஒரே தெருவைத்தான் சொல்வார்கள். இனிமேல் பிள்ளை எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பாள்?

செந்தில் பயந்துபோய் மகளுடைய போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினான். அதோடு விட்டானா, பள்ளிக்கும் அனுப்ப மாட்டேன் என்றான். வீட்டிலிருந்தே படிக்கட்டும், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்று முடிவு கட்டிவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. படத்தைப் போட்டவர்கள் நாம், தெருவைச் சொன்னவர்கள் நாம், தண்டனை மட்டும் அவளுக்கா என்று கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தவில்லை.

"நீ அங்கேர்ந்து ஈசியா சொல்லிப்புடுவ. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுக்கா," என்றான்.

அவன் அழுகிறான் என்பது அப்புறம்தான் புரிந்தது. சண்டையை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தோம். தமிழரசி தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தாள். நான் கமெண்டு போட்ட சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். பெருங்காரியம்தான் அது. பிள்ளைக்காகப் பேசியதற்கு இதுதான் மரியாதையா என்று ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டார். ஒருவர் அழிக்கத் தெரியாமல், இந்தக் கமெண்டை அழிக்கவும் என்று கீழே இன்னொரு கமெண்டு போட்டார். சிரிக்கவும் முடியாமல் அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். முப்பது பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பது இதைவிட லேசு. கடைசியில் அந்தப் போலிக் கணக்கு முடக்கப்பட்டது. படம் எத்தனை போனில் தங்கிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது.

அந்த மாதத்தில்தான் என் வகுப்பில் சமூக ஊடகப் பாடம் வந்தது. வழக்கமான வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினேன். பார்க்கக் கூடாத அந்த ஆளை நினைத்துக்கொள் என்று சொல்லும்போது எனக்கு எந்த அந்நியனும் ஞாபகம் வரவில்லை. என் சித்தப்பா, பெரியம்மா மகன், மார்தட்டிய அந்தப் பையன், இவர்கள்தான் வந்தார்கள். பயப்பட வேண்டியது அந்நியனுக்கு மட்டும் இல்லை, நம்மேல் பிரியமாக இருப்பவர்கள் அவசரத்தில் எழுதுவதற்கும்தான் என்றேன். முன்வரிசைப் பெண் கைதூக்கி, மதாம், உங்கள் குடும்பத்தில் உங்களுக்கு எதிரிகள் இருக்கிறார்களா என்று அனுதாபத்தோடு கேட்டாள். இல்லை, எல்லாரும் ரொம்ப நல்லவர்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் பிரெஞ்சில் சொல்ல வரவில்லை.

யாழினி இப்போது பள்ளிக்குப் போகிறாள். செந்தில் காலையிலும் சாயங்காலமும் தானே வண்டியில் கொண்டுபோய்க் கூட்டிவருகிறான். யார் என்ன பெயரைச் சொன்னாலும், நான் போன் பண்ணிக் கேட்டுட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொள் என்று பழக்கியிருக்கிறோம். பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளைக்கு அது சுலபமாக வரவில்லை. பள்ளிப் பெயர் போட்ட சட்டையோடு யாரும் அவளைப் படம் எடுப்பதில்லை. ஸ்டேட்டஸில் செந்தில் வயலை மட்டும் போடுகிறான். நான் கேட்டது எல்லாம் நடந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செந்தில் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். யாழினிதான் எடுத்தாள். போனை மல்லாக்கக் கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது, கூரைதான் தெரிந்தது. கால்பரீட்சை மார்க்கைச் சொன்னாள், கணக்கில் நான்தான் முதல் என்றாள். இரண்டு மாதமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க, மூஞ்சியக் கொஞ்சம் காட்டு, பாப்போம்," என்றேன்.

அவள் போனைக் கையில் எடுக்கவில்லை.

"இது எங்கயாச்சும் சேவ் ஆவுமா அத்தை?"

ஆகாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காட்டு என்று சொல்ல நான் அத்தை. காட்டாதே என்று சொல்ல நான் டீச்சர்.

"வேணாம்டா தங்கம். காட்டாத," என்றேன்.

அவள் குரல் லேசாகிவிட்டது. வெளியே மழை கொட்டுவதையும், சம்பா நடவு முடிந்ததையும், அப்பா தன்னைக் கொண்டுவிட்டுக் கொண்டுவிட்டே இளைத்துப்போனதையும் சொல்லிக்கொண்டே போனாள். நான் உம் கொட்டினேன். நெடுங்காட்டு வீட்டின் மின்விசிறி திரை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில், சின்னக் கட்டத்துக்குள், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு என் முகம் மட்டும் இருந்தது.