அறுபத்திரண்டாவது பெயர்

பேரளி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அம்சவள்ளியின் ஆள்காட்டி விரல் முன்சீட்டின் முதுகில் எழுத ஆரம்பித்துவிடும். பெரிய பெரிய எழுத்துகள். ஓர் ‘அ’வின் சுழியைப் போட்டு, வளைத்து, காலை இறக்கி முடிப்பதற்குள் பேருந்து இரண்டு புளியமரங்களைக் கடந்திருக்கும். உதடுகள் அசையும், குரல் வெளியே வராது. மடியில் குழந்தை உளவியல் புத்தகம் விரிந்து கிடக்கும். அதன் பக்கங்களைக் காற்று தன் இஷ்டத்துக்குப் புரட்டிக்கொண்டிருக்கும்.

“படிக்கிறீங்களா, தூங்குறீங்களாம்மா?” என்று டிக்கெட்டை நீட்டியபடி கேட்பார் கண்டக்டர்.

“ரெண்டுக்கும் நடுவுலங்க” என்பார் அம்சவள்ளி. சிரிக்காமல்தான் சொல்வார்.

வயது நாற்பத்து மூன்று. வீடு பெரம்பலூரில். ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் உட்காரவைத்து இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறார். இரண்டரை வருடங்களுக்கு முன்பு, திடீரென்று, தொடக்கக் கல்வியில் முதுகலைப் பட்டத்துக்குச் சேர்ந்தார். வகுப்பு அரியலூரில், சனிக்கிழமைகளில் மட்டும். நானும் சனிக்கிழமைகளில் மகள் வீட்டுக்கு அரியலூர் போகிறவன். அப்படித்தான் பழக்கம்.

சித்தளிக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டி வரும். சாலையோர மரங்கள் வெள்ளை பூசிக்கொண்டு நிற்கும். அந்த இடம் வந்தால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். “ஒரு காலத்துல இதெல்லாம் கடலா இருந்துச்சாங்க. இப்ப நாம போறது மீனு போன வழி” என்று ஒருமுறை சொன்னார். பிறகு அரியலூர் வரும்வரை, ஏதோ தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறவர்போல, அசையும் பருத்திச் செடிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

யாரிடம் பேசினாலும் கடைசியில் “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிடுவார். என்னிடம், கண்டக்டரிடம், ஒருமுறை மாவட்ட அதிகாரியிடமே கேட்டுவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாராம். கையெழுத்தும் அப்படித்தான். கரும்பலகையில் எழுதி எழுதி, ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிக்குமேல் அவருக்கு வராது. முதல் பருவத் தேர்வில் ஆறு முறை எழுந்து கூடுதல் தாள் வாங்கியிருக்கிறார். “பக்கத்துல ஒரு பொண்ணு, எம் மக வயசு. ‘அக்கா, இவ்வளவு பாயிண்ட் எங்கிருந்து எடுத்தீங்க’ன்னு மெரண்டு போயிட்டா. பாயிண்டு இல்லடி, எழுத்துதான் பெருசுன்னேன்.”

இந்தப் படிப்பால் சம்பளத்தில் எதுவும் கூடப்போவதில்லை. பதவி உயர்வும் கிடையாது. பேருந்தில் ஒருவர் இதை விடாமல் கேட்டார்: பின்னே எதற்கு இந்த அலைச்சல்?

அம்சவள்ளி யோசித்துத்தான் பதில் சொன்னார். “இருவது வருசமா எனக்கு ஒன்னு வெளங்கல சார். ஜூன் மாசம் புள்ளைங்க ரோட்டுல கத்திக்கிட்டே வருதுங்க. ஸ்கூல் கேட்டு வரைக்கும் காது ரெண்டாப் போற சத்தம். உள்ள கால வச்சதும் வாய மூடிக்குதுங்க. நான் ஒன்னும் பண்றதில்ல, சும்மா சிரிச்சுக்கிட்டுதான் நிக்கிறேன். ஏன் மூடிக்குதுங்க? அது தெரியணும்.”

அதுவே அவருடைய ஆய்வேடாகவும் ஆயிற்று. முதல் வகுப்பில் சேரும் குழந்தை பள்ளிக்கூடத்தில் தன் முதல் சொல்லைப் பேச எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது? நான்கு பள்ளிகளில் அறுபத்திரண்டு குழந்தைகளின் பெயர்களை எழுதிக்கொண்டார். மற்ற மூன்று பள்ளிகளின் ஆசிரியைகளும் அவருக்காகக் காதைத் தீட்டிவைத்துக்கொண்டார்கள். ஒரு நீளமான நோட்டில் பெயர், தேதி, சொன்ன சொல். அந்த நோட்டை ஒரு சனிக்கிழமை எனக்குக் காட்டினார். ‘ஒன்னுக்கு.’ ‘டீச்சர், இவன் என் ரப்பர எடுத்துட்டான்.’ ‘எங்கப்பா சவுதி போயிட்டாரு.’ லப்பைக்குடிக்காட்டுப் பள்ளியில் ஒரு சிறுவன் பத்தொன்பது நாள் சும்மா இருந்துவிட்டு, இருபதாம் நாள் எழுந்து நின்று, ‘ஃபேன் சுத்தல’ என்றிருக்கிறான். இதைப் படித்துக்காட்டும்போது அவருடைய முகம், பிறர் வீட்டுக் குழந்தையைக் கொஞ்சக் கையில் வாங்கியவர் முகம்போல இருந்தது.

அறுபத்தோரு பெயர்களுக்கு எதிரே தேதி இருந்தது. ஒரு பெயருக்கு எதிரே இல்லை. ஆர்த்தி. அவருடைய சொந்த வகுப்பு, முன்வரிசை.

ஆர்த்தியின் அம்மா சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கப் போகிறவர். “வூட்டுல வாய மூட மாட்டா டீச்சர். கோழிகிட்டகூட வம்பளப்பா. இங்க வந்தா மட்டும் என்னாத்துக்கு இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கா? ரெண்டு போடவா?” என்றாராம். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் அம்சவள்ளி. பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்டது, எழுத்து முத்துமுத்தாக வந்தது. வெளியே போகவேண்டுமானால் வாசலில் ஒற்றைக்காலில் நிற்பாள். வருகைப்பதிவில் பெயரைக் கூப்பிட்டால் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவாள். டீச்சர் அவள் பெயரைச் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவார். மற்ற பிள்ளைகளும் அந்தப் பத்துக்குப் பழகிவிட்டார்கள். அந்த நேரம் மட்டும் அறையில் ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. அப்படியே நூற்றுப் பன்னிரண்டு வேலைநாட்கள் போய்விட்டன. நோட்டை மூடும் நாளும் வந்துவிட்டது.

ஆய்வுக்கு வழிகாட்டி பேராசிரியர் முத்தமிழ்செல்வன். முப்பத்தொரு வயதுக்காரர். இவர் அவரை ‘சார்’ என்பார், அவர் இவரை ‘மேடம்’ என்பார். அட்டவணையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“மேடம், சராசரி ஒம்பது நாளு அழகா வருது. இந்த ஒரு பொண்ணு எல்லாத்தையும் கெடுக்குது. அறுபத்தொண்ணுன்னு போட்டுடலாம். இவள எடுத்துடுங்க.”

“எப்படி சார் எடுக்கிறது? முன்னாடி வரிசையில உக்காந்திருக்காளே.”

“அப்ப ஒரு தேதி போட்டுடுங்க. நாப்பதாவது நாள், அம்பதாவது நாள், ஏதோ ஒன்னு. யாரு வந்து பாக்கப் போறா?”

அன்று மாலை திரும்பும் பேருந்தில் அம்சவள்ளியின் விரல் எதையும் எழுதவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். பெரம்பலூரில் நான் இறங்கும்போது, “ஊரு வந்துருச்சும்மா” என்றேன். தலையாட்டினார். இறங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நான் போய்விட்டேன். துறையூர் வரை போகும் பேருந்து அது. அவர் கண்ணைத் திறந்து வைத்தபடியே குரும்பலூர் வரை போயிருக்கிறார்.

கணவர் கண்ணையன் மின்வாரியத்தில் லைன்மேன். போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

“தூங்கிட்டியா?”

“இல்லீங்க, முழிச்சுக்கிட்டுதான் வந்தேன்.”

பைக்கில் பின்னால் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஒரு தேதியைப் போட்டால் மே மாதமே பட்டம் கையில் வந்துவிடும் என்பதையும் சொன்னார். கண்ணையன், “மீட்டர் ஓடலைன்னா ஓடலைன்னுதான் எழுதணும். நீயா ஒரு ரீடிங்கப் போட்டீன்னா, அப்பறம் மீட்டர்ல என்ன கோளாறுன்னு ஒருத்தனும் பாக்க மாட்டான்” என்றார். இதை அம்சவள்ளி எனக்குச் சொன்னபோது, “அவரு பேசுற பேச்சே அவ்வளவுதான் சார், மாசத்துக்கு ரெண்டு வாக்கியம். அதுல ஒன்னு அன்னிக்கு எனக்குக் கெடச்சுது” என்றார்.

அவர் தேதி போடவில்லை. வழிகாட்டியும் கையெழுத்துப் போடவில்லை. மே மாதம் போயிற்று. கூடப் படித்த பெண்கள் கறுப்பு அங்கியில் எடுத்த படங்கள் அவருடைய போனில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொருத்திக்கும் வாழ்த்து அனுப்பினார். அனுப்பி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பேருந்து ஜன்னல் வழியே வெகுநேரம் வெள்ளை மரங்களைப் பார்த்தார். அன்று அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை.

நோட்டை மூடிய நாளிலிருந்தே, ஆறு மாதமும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பேருந்தில், பள்ளி விட்ட பிறகு காலியான வகுப்பறையில், குக்கர் விசில் விடும் இடைவெளியில். எழுதியதெல்லாம் ஒரே குழந்தையைப் பற்றி. ஆர்த்தி எதைப் பார்க்கிறாள், எப்போது சிரிப்பை அடக்குகிறாள், யார் அழுதால் தன் சிலேட்டுக் குச்சியை ஒடித்துப் பாதி கொடுக்கிறாள் என்றெல்லாம். அந்த ஓர் அத்தியாயம் மட்டும் நாற்பது பக்கம் வந்தது. அதை வழிகாட்டியின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். பதில் இல்லை.

ஜூலைக் கடைசியில் முத்தமிழ்செல்வனே போன் செய்தார். நாங்கள் அப்போது பேருந்தில் இருந்தோம். இந்தப் பக்கம் “சரிங்க சார்… ஆமாங்க சார்” என்று மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு அம்சவள்ளி என் பக்கம் திரும்பினார்.

“சாரோட பொண்ணு எல்.கே.ஜி. சேந்து ஒன்றரை மாசம் ஆச்சாம். பள்ளிக்கூடத்துல வாயே தொறக்கலியாம். என் அத்தியாயத்த வீட்டம்மாவும் அவரும் ஒக்காந்து படிச்சாங்களாம். ‘கையெழுத்துப் போட்டுட்டேன் மேடம், அன்னிக்குத் தேதி போடச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க’ங்கிறாரு.” கூடவே, “பாவம், அந்தக் கொழந்த. அங்க எத்தன நாள் பொறுப்பாங்களோ” என்றார். கையெழுத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது போல, மெல்லச் சிரித்தார்.

டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதான அம்மையார். ஆய்வேட்டின் நடுவே விரலை வைத்தபடி கேட்டார், “இந்தப் பொண்ணு கடைசியில என்ன பேசுனா?”

“இன்னும் பேசலைங்க மேடம். இப்ப ரெண்டாவது படிக்கிறா.”

“அப்ப உங்க ஆய்வு முடியலையே?”

“முடியலைங்க மேடம்.”

பின்னால் உட்கார்ந்திருந்த மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதில் நீங்கள் என்னதான் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். “முன்னெல்லாம் ஒரு கேள்வி கேட்டுட்டு மூணுகூட எண்ண மாட்டேன், அடுத்த புள்ளைகிட்டப் போயிடுவேன். நான்தான் அவசரமா இருந்திருக்கேன் மேடம்” என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், “புரிஞ்சுதா?” என்றும் கேட்டுவிட்டார். “புரிஞ்சுதும்மா” என்றாராம் அந்த அம்மையார். இருபது வருடம் முதல் வகுப்பில் இருந்தவருக்கு முதல் வகுப்பிலேயே தேர்ச்சி கிடைத்தது.

இவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், “அப்ப ஒரு நாள் எங்க ஸ்கூலுக்கு வாங்க” என்றார். பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் போனேன். சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் பின்பக்கக் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கோட்டைச் சுவர், தூக்கத்தில் பாதி மிதப்பது போல் இருந்தது. மணியடிக்க நேரமாகிவிட்டது என்று அம்சவள்ளி எழுந்தார். வராண்டாவில் ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்குகிறது. அதுதான் மணி. இரும்புத்தடியை எடுத்துக் கையை ஓங்கினார். ஓங்கியவர் அப்படியே நின்றார்.

காலியாக இருக்க வேண்டிய வகுப்பறைக்குள்ளிருந்து ஒரு குரல். மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல்.

“ஏ, எந்திரி. மணி அடிக்கப் போறாங்க. இங்கல்லாம் நாய்க்குட்டி படுக்கக் கூடாது… எந்திரிங்கறேன்ல? எவ்வளவு நேரம் சொல்றது?… காலு வலிக்குதா? எங்க, காட்டு. முள்ளா?… சரி, படு. பெஞ்சுக்கு அடியில தள்ளிப் படு. நான் டீச்சர்கிட்டச் சொல்ல மாட்டேன்.”

ஜன்னல் வழியாக எனக்கு இரட்டைப் பின்னலும் குனிந்த முதுகும் மட்டும் தெரிந்தன. “ஆர்த்தியா?” என்று நான் கண்ணால் கேட்டேன். அம்சவள்ளி தலையை ஆட்டவும் இல்லை, உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஓங்கிய கையை மெதுவாக இறக்கினார். இரும்புத்தடியைச் சத்தம் வராமல் தரையில் படுக்கவைத்தார். காற்று அடித்தது. கம்பியில் தொங்கிய தண்டவாளத் துண்டு லேசாக ஆடி, சுவரில் இடிக்கப் போயிற்று. அவர் சட்டென்று எட்டி, அதை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.