இருபத்தொன்றாம் தேதிக்கான புத்தகம்

தஸ்லீமாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பன்னிரண்டு வருஷமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அதுதான். பழவேற்காட்டில் அவள் பார்த்துக்கொள்ளும் சின்ன நூலகத்துக்கு நேர் எதிரில் என் ஜெராக்ஸ் கடை. கரண்ட் போனால் நான் மெஷினைத் திட்டிவிட்டு அங்கே போய் உட்காருவேன். அவளுக்கு நாற்பத்தொரு வயது, எனக்கு அவளைவிட ஆறு கூட. அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் ஒரு சொல் கேட்கமாட்டாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் பிள்ளையிடம் 'என்ன கற்றுக்கொண்டாய்' என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. "அதுல யாரைப் புடிச்சிச்சு?" என்று மட்டும் கேட்பாள். யாரையுமே பிடிக்கவில்லை என்று சொன்னால் அதற்கும் சந்தோஷப்படுவாள்.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடுகிற வாரம் கோடை விடுமுறைக்கான பட்டியல் போடுவாள். எல்லாம் பிள்ளைகளுக்கான நாவல்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி. 'அண்ணனும் தங்கையும் தொலைந்த ஆட்டைத் தேடிப் போகிறார்கள். முதல் இருபது பக்கம் இழுக்கும், பொறுத்துக்கொள். ஆடு கிடைத்துவிடும், பயப்படாதே.' இன்னொன்றுக்கு, 'இந்தப் பையன் பொய் சொல்லிக்கொண்டே இருப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும்.' வேறொன்றுக்கு, 'அழுகை வரும். பஸ்ஸில் படிக்காதே.' ஊரில் மற்றவர்கள் பட்டியல் போட்டால் நல்லொழுக்கம் வளரும், பொது அறிவு பெருகும் என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் எந்தப் பிள்ளை தொடும்?

முப்பது பிரதி நான்தான் எடுத்துக் கொடுப்பேன். நாலு வருஷம் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் வருஷப் பட்டியலின் தலையில் 'பத்து வயதுக்கு' என்று இருந்தது. அடுத்த வருஷம் பதினொன்று. அப்புறம் பன்னிரண்டு, பதின்மூன்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா தஸ்லீமா, ஊர்ல இருக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் ஒண்ணா வயசு ஏறுதா? இப்ப பத்து வயசுல இருக்குறது எங்க போவும்?" என்று கேட்டேன்.

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அஃப்ஷானின் வயது ஞாபகம் வந்தது. கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அஃப்ஷான் தஸ்லீமாவின் ஒரே மகள். புருஷன் நுஃமான் பிரிந்து சென்னைக்குப் போனபோது, நல்ல பள்ளிக்கூடம் என்ற பேச்சில் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, மே மாதம் பத்து நாள் மகள் தாயிடம் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். முதல் இரண்டு வருஷம் பத்து நாள் வந்தாள். பிறகு ஆறு நாள், நாலு நாள். போன வருஷம் இரண்டே நாள். பட்டியல் மட்டும் ஒவ்வொரு வருஷமும் அவளோடு வளர்ந்தது. அதை முதலில் போட்டோ எடுத்து மகளின் போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் சுவரில் ஒட்டுவாள். பதில் வராது. பார்க்கவே மாட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூலகத்தில் எந்த நாவலும் ஒரு பிரதிதான். பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் குப்பத்துப் பிள்ளைகளே ஒரு வழி கொண்டுவந்தார்கள். ஏரியில் மீன் பிடிக்கிற இடங்களுக்கு அவர்கள் வீட்டு ஆண்கள் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னார் வலை இறக்கலாம் என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அதையே புத்தகத்துக்கும் வைத்தார்கள். டம்ளரில் பெயர்ச் சீட்டு, ஆளுக்கு எட்டு நாள், நோட்டில் வரிசை. ஏரியில் பெண்களுக்குப் பாடு கிடையாது, இங்கே உண்டு. அதற்காகவே குப்பத்துப் பெண் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

எல்லாச் சீட்டோடும் அஃப்ஷானின் சீட்டையும் தஸ்லீமா மடித்துப் போடுவாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வருஷப் பட்டியல் பதினாறு வயதுக்கு. முதலில் இருந்தது ஒரு தடித்த நாவல். சித்தப்பா வீட்டில் வளரும் பெண் தான் பிறந்த ஊருக்குத் தனியாகத் திரும்பிப் போகிற கதை. கீழே தஸ்லீமா எழுதியிருந்தாள்: 'ஒரே மூச்சில் படிக்காதே. கடைசி அத்தியாயத்தை யாராவது பக்கத்தில் இருக்கும்போது படி.' அந்தப் புத்தகத்தில் அஃப்ஷானின் பாடு மே பத்தாம் தேதி விழுந்தது. அடுத்தது, வரிசையில் கடைசி, தேவதர்ஷினி. ஏரிக்கு நடுவில் இருக்கும் குப்பத்துப் பெண். அம்மா இறால் விற்க வரும்போது படகில் கூட வருவாள்.

பத்தாம் தேதி அஃப்ஷான் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு போயிற்று. போனை எடுத்த நுஃமான், பிளஸ் டூ ட்யூஷன் ஆரம்பித்துவிட்டது, பார்க்கலாம் என்றாராம். பச்சை அட்டை போட்ட புத்தகம் மேசை ஓரத்திலேயே கிடந்தது. தஸ்லீமா அதைத் துடைப்பாள், வைப்பாள், மறுபடி துடைப்பாள்.

பதின்மூன்றாம் தேதி தேவதர்ஷினி மேசைக்கு எதிரே வந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, எங்க ஊர்ல பாடு நாள்ல ஆள் வர்லன்னா அடுத்த ஆளு வலைய எறக்கிடுவாங்க. இது இன்னாக்கா, மூணு நாளா சும்மா கெடக்குது?"

"அவ வருவாம்மா."

"ஊர்ல இல்லாத ஆளுக்குப் பாடு இல்லக்கா. எங்க நைனா சொல்லும்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அந்தப் பொண்ணு சொல்றதுல இன்னா தப்பு? படிக்கிறவளுக்குக் குடு. வராதவளுக்கு எத்தினி வருஷம் எடம் புடிச்சு வெப்பே?" என்று கத்தினேன். தஸ்லீமா என்னைப் பார்க்கவில்லை. நோட்டில் மகளின் பெயர் மேல் ஒரு கோடு போட்டாள். புத்தகத்தை எடுத்துத் தேவதர்ஷினியின் கையில் கொடுத்தாள். ஏழு வருஷத்தில் அப்படிக் கோடு போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பதினொரு மணிக்கு அஃப்ஷான் வந்து நின்றாள்.

பொன்னேரியில் ஏதோ கல்யாணமாம். அங்கிருந்து கூட்டிவந்து ஒரு மணி நேரம் இறக்கிவிட்டிருந்தார் நுஃமான். அவர் காரைவிட்டு இறங்கவில்லை. பெண் தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். தஸ்லீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று மூன்று தடவை கேட்டாள். நான் டீ வாங்கிக்கொண்டு போனபோது அந்தப் பெண் மேசையைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, என் புக் எங்க? பச்சை அட்டை. பத்தாந்தேதிலேர்ந்து என் பாடுன்னு அனுப்பிருந்தீங்களே?"

டீ என் கையில் கொட்டியது. அம்மா அனுப்பியதை எல்லாம் இவள் படித்திருக்கிறாள்.

"குடுத்துட்டேன்மா, நேத்துதான். நீ வரலைன்னு..." என்றாள் தஸ்லீமா.

"நான்தாம்மா குடுக்கச் சொன்னேன், என்னைத் திட்டு" என்றேன். அஃப்ஷான் என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திறந்து கோடு போட்ட தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு பேனா கேட்டு வாங்கி, தேவதர்ஷினியின் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தானே எழுதினாள். பக்கத்தில் தேதி, இருபத்தொன்று.

"அவ முடிக்கட்டும் உம்மா. நான் வந்து வாங்கிக்கிறேன். கடைசி அத்தியாயம் இங்கதான் படிக்கணும்."

"வாப்பா விடுவாங்களா?"

"கேக்குறேன்."

கார் ஹாரன் அடித்தது. போய்விட்டாள். தஸ்லீமா அழவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு நூலை வைத்து நோட்டை மூடினாள். எனக்குத்தான் என் வாயை நினைத்து ஆத்திரமாக வந்தது.

பதினேழாம் தேதி தேவதர்ஷினி மூச்சிரைக்க வந்து புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"முடிச்சிட்டேன்க்கா. கடைசி அத்தியாயம் எங்கம்மா பக்கத்துல ஒக்காந்து இறா உரிக்கும்போது படிச்சேன், நீ சொன்ன மாதிரியே."

"யாரைப் புடிச்சிச்சு?"

"அந்தப் பொண்ண இல்லக்கா, ஊர்ல காத்துனு இருந்தாங்கள்ல, அவங்கள. இந்தா, நாலு நாள் முன்னாடியே ஆயிடுச்சு. அடுத்த ஆளுக்குக் குடுத்துடு."

சீக்கிரம் படி, அடுத்த பிள்ளை காத்திருக்கிறது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பன்னிரண்டு வருஷமாக விரட்டுகிறவள் தஸ்லீமா. அவள் நோட்டைத் திறந்தாள். நூல் வைத்த பக்கத்தில் மகள் எழுதிய இருபத்தொன்றைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கையிலேயே திணித்தாள்.

"இருபதாந்தேதி வரைக்கும் உன் பாடும்மா. இன்னொரு வாட்டி படி."

"ரெண்டு வாட்டியாக்கா?"

"மெதுவா படி. அவசரமே இல்ல."

தேவதர்ஷினி என்னைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போ என்று கண்ணைக் காட்டினேன். அவள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு படகுக்கு ஓடினாள். தஸ்லீமா காலியான மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.