சந்தனப் பொட்டு வைத்த எதிரி

1930களில், மலாயாவில் பாலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கி அறியாதவன். சர்க்காரின் தொண்டர் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். காக்கிச் சட்டைதான் காரணம், மறைப்பானேன்? எனக்கு அது எடுப்பாகவே இருந்தது.

பெக்கான் நானாஸில் முகாம். முடிவில் சுடும் பரீட்சை. தேறாதவன் சமையல் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். “அங்கயும் உங்கள வச்சுக்க மாட்டாங்க. சுடுதண்ணியவே அடிபிடிக்க விடுற ஆளு நீங்க” என்று சிரித்தாள் மனைவி. அப்போதே தேறியே தீருவது என்று எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

எங்கள் சார்ஜன்ட் மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்து, பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டையைப் பார்த்தவர். துப்பாக்கியைத் தொட விடுவதற்கு முன் எங்களை அன்னாசித் தோட்டத்துக்குள் வயிற்றால் நகர வைத்தார். அன்னாசி இலை சும்மா விடுமா? காக்கிச் சட்டையின் மானம் முதல் நாளே போயிற்று. சரித்திரப் புத்தகப் படத்தில் சிப்பாய்கள் வரிசையாக நிமிர்ந்துதானே நிற்கிறார்கள் என்று படுத்தபடியே கேட்டுவிட்டேன்.

“அது பழைய மஸ்கட்டுத் துப்பாக்கி காலம், கிராணி. அந்தக் குண்டு எங்க போகும்னு அதுக்கே தெரியாது. அதான் தோளோட தோள் ஒட்டி நின்னு எல்லாரும் ஒண்ணா சுட்டாங்க. ஒரே புகை. எவன் சுட்டு எவன் விழுந்தான்னு யாருக்கும் தெரியாது. ரைபிள் வந்துச்சு, நின்னவன் செத்தான். இப்ப மண்ணுல படுத்துக்கிட்டு, ஒரே ஒருத்தனப் பாத்து, நீங்கதான் சுடணும். ம், நகருங்க!”

முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தோம்.

பரீட்சைக்கு முதல் நாள் ஆயுத பூஜை. கையில் நிஜமான ஆயுதம் இருக்கும்போது விடுவோமா? சார்ஜன்டிடம் அனுமதி வாங்கி, துப்பாக்கிகளை வாழையிலையில் அடுக்கி, அவற்றின் மரக்கட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து அமர்க்களப்படுத்தினோம். மூலையில் மனித உருவமாக வெட்டிய குறிப்பலகை சாத்தியிருந்தது. எங்களோடு இருந்த ரயில்வேகாரர் அதைப் பார்த்துவிட்டார். “இவரும் நம்மகூட வேலை செய்றவர்தானே லா” என்று அதன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

காலையில் அதே பலகையை நட்டார்கள். ஒவ்வொருவராகச் சுட வேண்டும். முதலில் போன ரயில்வேகாரர் ஒரு குண்டைக்கூடப் பலகையில் படவைக்கவில்லை. “அலாமாக், எங்க சித்தப்பா மாதிரியே இருக்காரு” என்று எழுந்து வந்தார். அடுத்து நான். படுத்துக் குறி பார்த்தால், அங்கே நின்றது கோயிலுக்குக் கிளம்பிய என் மாமனார்! முதல் குண்டு அன்னாசிக் காட்டுக்குப் போனது, அடுத்ததும் அதன் பின்னாலேயே போனது. சமையல் கொட்டகையின் புகை என்னை வா வா என்று கூப்பிட்டது.

சார்ஜன்ட் திட்டவில்லை. சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்துபோய், ஈரக் கைக்குட்டையால் பலகையின் நெற்றியைத் துடைத்துவிட்டு வந்தார். “இப்ப சுடுங்க.”

இப்போது அது வெறும் பலகை. மிச்சக் குண்டுகளை ஒன்றுவிடாமல் நெஞ்சில் இறக்கினேன். தேறிவிட்டேன்! ரயில்வேகாரருக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார் சார்ஜன்ட். சந்தோஷம் தாங்காமல் பலகையைப் பார்க்க ஓடினேன். நெஞ்சில் அத்தனை ஓட்டைகளும் என்னுடையவை. புகையும் இல்லை, பக்கத்தில் வேறு ஆளும் இல்லை.

பின்னாலேயே வந்த சார்ஜன்ட் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு என் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தை ஈர விரலால் வழித்து, பலகையின் நெற்றியில் மறுபடியும் பொட்டு வைத்தார்.

“உங்களுக்காக நான் தொடச்சு விட்டேன், கிராணி. சண்டையில யாரும் தொடச்சு விட மாட்டாங்க.”

வீட்டுக்குப் போய்த் தேறிவிட்டேன் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு, அவள் அப்பா சௌக்கியமா என்று கேட்டேன்.