தொடுவதற்கு முன்

ஏனாத்தூரில் என்னோடு படித்த நைஜீரியத் தோழியைப் பொங்கலுக்கு மானாம்பதிக்கு, எங்கள் காலனி வீட்டுக்கு அழைத்து வந்தேன். பஸ்ஸில் ஊர்த்தெருப் பெண்கள் அவளுடைய பொடிப் பின்னல்களை இழுத்துப் பார்த்து, "சவுரியா இது?" என்று சிரித்தார்கள். என் கை பட்டால் சுருங்குகிறவர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் பின்னால் உட்கார்ந்தாள். கை மட்டும் நீளவில்லை.

"தொட்டா அந்தப் பொண்ணு இன்னா நெனைச்சுக்குமோ? நீ கேட்டுச் சொல்லு."

கேட்டேன். இந்தியா வந்த இரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லையாம். சிரித்தபடி அம்மா மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஊர்த்தெருக்காரர்கள் நிலத்தில் நாற்பது வருடமாக நாற்று நடுகிறாள் அம்மா. அவர்கள் வீட்டுச் சொம்பை ஒருநாளும் அவளைத் தொட விட்டதில்லை.